தொட்டுவிட்டு உள்ளே வருபவர்கள்

எனக்குப் பட்டியல் போடாமல் எந்த வேலையும் ஓடாது. ஊருக்குப் பெட்டி கட்ட ஒரு பட்டியல், அந்தப் பட்டியலை எங்கே வைத்தேன் என்பதற்கு இன்னொரு பட்டியல் என்று விடுதித் தோழிகள் சொல்வார்கள். இரண்டாவது பொய். முதலாவதை மறுக்க மாட்டேன்.

நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் மின்னணு, கணினிப் பொறியியல் துறை ஓர் ஓப்பன் டே நடத்தியது. சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் பிளஸ் டூ பரீட்சை முடித்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வந்து, ஆய்வகங்களைச் சுற்றிப் பார்த்து, இங்கே சேரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் நாள். அதற்கு நான் போட்ட பட்டியலில் இருபத்து மூன்று வரிகள். வரி ஒன்று: பேட்டரி, மாற்று பேட்டரி. வரி ஏழு: விளக்கத் தாள்கள், தமிழில். வரி பதினொன்று: மேசைக்கால் ஆடுகிறது, அடியில் ஏதாவது மடித்து வைக்க வேண்டும். கடைசி வரியில் ஒரே ஒரு சொல்: மாமா.

மாமா என்றால் அத்தையின் கணவர். விஸ்வநத்தத்தில் சிறியதாக ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். ஒரே மகள். என்னை மதினி என்று கூப்பிடுகிற அந்தப் பெண் எங்கள் துறையில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாமாவுக்கு அவள் சிவகாசியிலேயே பி.பி.ஏ. படித்துவிட்டு, மூன்றாவது வருடம் முடிந்த மறுநாள் கம்பெனி ஆபீசில் வந்து உட்கார வேண்டும். ஒரு வாரம் முன்னால் போனில் பேசினோம்.

"மருமகளே, படிக்கட்டும், நான் வேணாங்கல," என்றார். "ஆனா அங்கன படிக்கிறது நம்மகிட்ட ஆகுமா? போனு, லாப்டாப்பு, சார்ஜரு, பேட்டரி அம்புட்டையும் கேட்டுலயே வாங்கி வச்சுக்கிட்டுத்தான் ஆள உள்ள விடுறோம். உங்க டிபார்ட்மெண்ட மொத்தமா வாட்ச்மேன் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிருவாரு. அப்பறம் இவ உள்ள வந்து என்ன செய்வா?"

"ஒரு தடவ வந்து பாருங்க மாமா."

"வாரேன். நம்ம கம்பெனிக்கு ஆகுற மாதிரி ஒரே ஒரு சாமான் காட்டு. இருந்தா உங்க காலேஜு. இல்லைன்னா பி.பி.ஏ."

அவர் மகள் போனை வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "மதினி, அந்த பி.பி.ஏ. ஃபாரத்த எழுதி முடிச்சுச் சட்டப் பையிலயே வச்சுக்கிட்டு அலையிறாக. என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"டப்பா இருக்குல்ல," என்றேன்.

"அத நம்பித்தான் இருக்கேன்."

டப்பா என்பது என் புராஜெக்ட். உண்மையிலேயே முறுக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாதான். அதற்குள் ஒரு சர்க்யூட், வெளியே ஓர் அலுமினியப் பட்டை, மேலே கத்துவதற்கு ஒரு பஸ்ஸர். நைலான் சேலை உரசினாலோ, ரப்பர் செருப்போடு தரைவிரிப்பில் நடந்தாலோ நம் உடம்பில் கொஞ்சம் மின்சாரம் சேர்ந்துவிடும். வீட்டில் அது கதவுப் பிடியைத் தொடும்போது சுருக்கென்று ஒரு கடி, அவ்வளவுதான். பட்டாசு மருந்து இருக்கும் அறையில் அந்த ஒரு பொறி போதும், மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஒவ்வொரு மருந்து அறையின் வாசலுக்கு வெளியேயும் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். உள்ளே போகிற எவரும் அதில் கையை வைத்து, உடம்பில் இருப்பதை மண்ணுக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். என் டப்பாவைக் கம்பெனி கேட்டில் மாட்டினால், மின்சாரத்தோடு ஒருவர் நெருங்கும்போதே கத்திக் காட்டிக்கொடுக்கும். மாமா கேட்ட அந்த ஒரே ஒரு சாமான் என் கையில் இருந்தது. முந்தின நாள் விடுதியில் பத்து பேரை நடக்கவிட்டுப் பார்த்தேன். ஆறு பேருக்குக் கத்தியது. ஒருத்தி தலை சீவிக்கொண்டு போனதற்கு அரை நிமிடம் நிற்காமல் கத்தியது.

ஓப்பன் டே அன்று காலை ஏழு மணிக்கே ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். பந்தல்காரர் வாசல்வரை பச்சை நிறத்தில் நைலான் விரிப்பு விரித்திருந்தார். வேறு யாராவது என்றால் அழகாக இருக்கிறது என்பார்கள். நான் எத்தனை வோல்ட் தேறும் என்று கணக்குப் போட்டேன். மே மாதம், காய்ந்த காற்று, நைலான் விரிப்பு. என் டப்பாவுக்குக் கல்யாண வீடு மாதிரி.

விளக்கத் தாள்கள் சிவகாசியிலிருந்து வந்திருந்தன. அச்சகத்தில் எங்கள் துறையை ஒரு புதுப் பட்டாசாகவே நினைத்துவிட்டார்கள். நடுவில் ஒரு கம்ப்யூட்டர், அதைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகக் கதிர்கள், மூலைக்கு மூலை நட்சத்திரம். கீழே சின்ன எழுத்தில் எச்சரிக்கை ஒன்றுதான் இல்லை.

டப்பாவை வாசலின் உள்பக்கம் மாட்டினேன். செயல்முறை விளக்கத்துக்காக ஒரு செம்புத் தகடும், அதிலிருந்து மண்ணுக்கு இழுக்கக் கம்பியும் கொண்டுபோயிருந்தேன். திட்டம் இதுதான்: வருகிறவர் விரிப்பில் நடந்து உள்ளே வருவார், டப்பா கத்தும். அவரை வெளியே கூட்டிப்போய்த் தகட்டைத் தொடவைப்பேன். மறுபடி வருவார், டப்பா பேசாது. தகட்டை எங்கே மாட்டுவது என்று நான் யோசிக்கவே இல்லை. கம்பெனிகளில் எங்கே இருக்குமோ அங்கேதான், வாசலுக்கு வெளியே, வலது கைப்பக்கம், நெஞ்சு உயரத்தில்.

பிறகு நானே விரிப்பில் நடந்து உள்ளே வந்தேன். டப்பா கத்தவில்லை.

மறுபடி நடந்தேன். இல்லை. பேட்டரியை மாற்றினேன். கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் ஸ்கேலைத் தலையில் தேய்த்துக் காட்டினேன். காது கிழியக் கத்தியது. ஆகவே டப்பா உயிரோடுதான் இருந்தது. வெளியே போய் நடந்து உள்ளே வந்தேன். சத்தமே இல்லை. இப்படிப் பதினொரு முறை. எண்ணினேன், எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

ஆய்வக உதவியாளர், ஆமத்தூர்க்காரர், டீயோடு வந்தார். அவரும் சத்தமில்லாமல்தான் வந்தார்.

"என்ன தாயி, முழிச்சுக்கிட்டு நிக்கிற?"

"ஸ்கேலுக்குக் கத்துதுண்ணே. மனுசருக்குக் கத்த மாட்டேங்குது."

"ஆள் பாத்துக் கத்தும் போல. எங்க வீட்டு நாயும் அப்பிடித்தான்," என்று டீயை ஆடுகிற மேசையில் வைத்தார். கால் டீ தட்டில் கொட்டியது. வரி பதினொன்று அப்படியே நின்றது.

ஒன்பது மணிக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. ஆய்வக வழக்கப்படி செருப்பை வெளியே விட்டுவிட்டு வரிசையாக வந்தார்கள். என் மேசை உள்ளே, டப்பாவுக்கு எதிரே. அங்கிருந்து டப்பா தெரியும், வருகிற முகங்கள் தெரியும், வாசலுக்கு வெளியே எதுவும் தெரியாது. நான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெம்பக்கோட்டையிலிருந்து வந்த ஒரு விவசாயி, பூப்போட்ட பாலியெஸ்டர் சேலையில் அவர் மனைவி, ஜரிகைத் தாவணியில் மகள். அந்தச் சேலை ஒன்றே போதும். டப்பா பேசவில்லை.

"இது என்னம்மா செய்யும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"உங்க உடம்புல கரண்டு இருந்தா கத்தும்மா."

"இல்லையே, கத்தலையே."

"இல்லைன்னா கத்தாது."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீகளா? இதுக்கு ஒரு மிஷினாம். அத நானே சொல்லிருவேன்ல."

பத்தரை மணிக்குள் எழுபது, எண்பது பேர் வந்து போயிருப்பார்கள். டப்பா ஓர் ஆளுக்குக்கூட வாயைத் திறக்கவில்லை. துறை மாணவர்கள் எல்லாரும் பின்கதவு வழியாகவே வந்துபோனதால் அவர்களை வைத்தும் சோதிக்க முடியவில்லை. நான் ஸ்கேலைத் தலையில் தேய்த்துத் தேய்த்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னிய ஜடை பிரிந்து போயிற்று. பக்கத்து மேசையில் பந்து பொறுக்கும் ரோபோவை வைத்திருந்தவன், "இது மின்சாரம் கண்டுபிடிக்குமா, பேன் கண்டுபிடிக்குமா?" என்று கேட்டான். அவன் ரோபோவும் பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டிருந்தது.

பதினொன்றுக்கு மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, அதன் பையில் நான்காக மடித்த காகிதம் வெளியே எட்டிப் பார்த்தது. என்னவென்று கேட்கத் தேவையில்லை. பின்னால் அவர் மகள். எங்களிடம் வரும் முன்பே அவர் கட்டடத்தைச் சுற்றி வந்துவிட்டார். "ஸ்விட்ச் போர்டெல்லாம் உள்ளேயே வச்சிருக்கீக. வெளிய போற வழி ரெண்டு இருக்கு, அது பரவால்ல," என்று சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி ஆரம்பித்தார். பிறகு டப்பாவைப் பார்த்தார்.

"இதானா?"

"இதான் மாமா."

"நான் வரும்போது ஒண்ணும் சொல்லலியே."

"ஆமா."

"ரிப்பேர்னா சொல்லிரு. மாமாகிட்ட என்ன வெக்கம்?"

ஸ்கேலைத் தேய்த்துக் காட்டினேன். டப்பா கத்தியது. மாமா பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"நல்லாத்தான் கத்துது. ஆனா மருமகளே, நம்ம கம்பெனில ஸ்கேலு வேலைக்கு வாரதில்ல. ஆளுகதான் வாராக."

அவர் என்னை மேலும் சங்கடப்படுத்த விரும்பாதவராக ரோபோவின் பக்கம் திரும்பினார். அது அவர் செருப்பில்லாத கால் கட்டைவிரலைப் பொறுக்கப் பார்த்தது. காலை இழுத்துக்கொண்டு, பையிலிருந்த காகிதத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அப்ப கிளம்புவமா தாயி?" என்று மகளைத் தேடினார்.

அவள் எங்களோடு உள்ளே வந்திருக்கவில்லை. வாசல் நிலையில் சாய்ந்தபடி, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மதினி," என்றாள், "இங்கன கொஞ்சம் வாங்க."

போனேன். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. முதலில் ஒருவர், கையில் பையோடு, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தவர், பேச்சை நிறுத்தாமல் வலது கையைத் தகட்டில் வைத்து எடுத்துவிட்டு உள்ளே போனார். அடுத்தவரும் வைத்தார். அவருக்குப் பின்னால் வந்த குடும்பம் கம்பெனி வேலைக்காரர்கள் மாதிரித் தெரியவில்லை. ஆனால் முன்னால் போனவர் தொட்டதைப் பார்த்து அவர்களும் தொட்டார்கள். ஒரு அம்மா தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குழந்தைக்கு எட்டவில்லை என்று தூக்கிப் பிடித்துத் தொடவைத்தார்.

"வந்ததுலருந்து பாக்கேன். ஒருத்தர் பாக்கியில்ல," என்றாள் அவள். "எல்லாரும் கரண்ட இறக்கி வச்சிட்டுத்தான் உள்ள வாராக. அப்பறம் அது எதுக்குக் கத்தும்?"

"நானும் காலைல பதினோரு தடவ..." என்று தொடங்கி நிறுத்தினேன். புராஜெக்டுக்காக ஒரு வருடம் மாமாவின் கம்பெனிக்குப் போய்வந்த கை இது. பதினொரு முறையும் அது என்னிடம் கேட்காமலே போய்த் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. நான் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், கம்பியைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் காற்றைக்கூடச் சந்தேகப்பட்டேன். என் கையைச் சந்தேகிக்க ஒரு வரி பட்டியலில் இல்லை.

தகட்டின் மேல் ஒரு விளக்கத் தாளை ஒட்டி மறைத்தேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று. வந்தவர்கள் வாசலில் தயங்கினார்கள். ஒருவர் தாளின் மேலேயே கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இன்னொருவர் பக்கத்து இரும்புக் கிராதியைத் தேடிப்போய்த் தொட்டார். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் நின்றேவிட்டார்.

"உள்ள வாங்கய்யா," என்றேன்.

"வாரேன். மொதல்ல எதத் தொடணும்னு சொல்லு."

"எதையும் தொட வேணாம்யா. சும்மா வாங்க."

"சும்மா எப்பிடி வாரது?" என்று கேட்டுவிட்டு, அவர் நேராகப் பக்கத்து அறைக் கண்காட்சிக்குப் போய்விட்டார்.

இதற்குள் மாமாவும் வாசலுக்கு வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். சிரித்தார். "இம்புட்டுத்தானா? நகரு. நான் தொடாம வாரேன், கத்துதான்னு பாரு." தாளை எடுக்கச் சொன்னார். விரிப்பின் அந்தக் கடைசிவரை போய்த் திரும்பி நடந்து வந்தார். வாசலில் அவர் கை தானாகப் போய்த் தகட்டில் உட்கார்ந்தது. அவரே அதைப் பார்த்தார்.

"இரு, இரு."

இரண்டாம் முறை வலது கையைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வந்தார். இடது கை போய்த் தொட்டது.

மூன்றாம் முறை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் மகள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள், போலீஸ் கைதியைக் கொண்டுவருவது போல. வாசல்வரை வந்தார்கள். தகட்டைப் பார்த்தார். படியில் ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

"வரல மருமகளே," என்றார். சிரிக்கவில்லை. "கால் வரல."

யாரும் கேலி செய்யவில்லை. மகள் கையை விட்டாள். அவர் தகட்டைத் தொட்டுவிட்டு, நிம்மதியாக உள்ளே வந்தார்.

அந்த நேரம் எங்கள் துறைத் தலைவர் அரங்கத்திலிருந்து வேகவேகமாக வந்தார். கோயம்புத்தூர்க்காரர். காலையிலிருந்து மேடையிலேயே இருந்தவர், பன்னிரண்டு மணிக் கூட்டத்துக்கு ஆட்களைக் கூப்பிட வந்திருந்தார். டெரிலின் கோட்டு, ரப்பர் அடி வைத்த ஷூ, நைலான் விரிப்பின் முழு நீளம். தகட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராக உள்ளே நுழைந்தார்.

டப்பா அலறியது. நான்கு மணி நேரம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துவைத்து அலறியது. குழந்தை ஒன்று அழுதது. ரோபோக்காரன் கைதட்டினான். துறைத் தலைவர் கைகளை மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல சார்," என்றார் மாமா, முகமெல்லாம் மலர்ந்து. "சாருக்கு எந்த ஊரு?"

"கோயம்புத்தூருங்க."

"அதான. வாங்க, இதுல கைய வைங்க." தானே கூட்டிக்கொண்டுபோய்த் தகட்டில் அவர் கையை வைத்து, மறுபடி உள்ளே அழைத்து வந்தார். டப்பா பேசவில்லை. திரும்பவும் விரிப்பில் நடக்கவிட்டுக் கொண்டுவந்தார். அலறியது. மூன்றாம் முறையும் நடத்தப் பார்த்தார். துறைத் தலைவர் கூட்டம் இருக்கிறது என்று பணிவாகச் சொன்னார். நான் திட்டமிட்டிருந்த செயல்முறை விளக்கத்தை, என் துறைத் தலைவரை வைத்து, என் மாமா செய்து முடித்திருந்தார்.

பிறகு மாமா டப்பாவின் அருகில் போய் நின்றார். சிரிப்புப் போயிருந்தது.

"ஒரு விஷயம் கேக்கேன். காலைலருந்து இது கத்தல. இது ரிப்பேர்னு நீ நினைச்ச, நானும் நினைச்சேன். கடைசில பாத்தா ஆளுகதான் சுத்தம். நாளைக்கு எங்க கேட்டுல இது கத்தாம கெடக்கும். ஆளு சுத்தம்னு நான் நினைச்சுக்கிடுவேன். அன்னைக்கி நெசமாவே ரிப்பேரா இருந்தா?"

தொண்ணூறு பக்க அறிக்கை எழுதியிருந்தேன். சர்க்யூட், கணக்கு, வரைபடம், ஒப்பீட்டு அட்டவணை எல்லாம் இருந்தது. இதற்குப் பதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. துறைத் தலைவர் என்னைப் பார்த்தார். நான் டப்பாவைப் பார்த்தேன்.

"ஸ்கேல கேட்டுல தொங்கவிடணும்ப்பா," என்றாள் அவர் மகள்.

"எந்த ஸ்கேல?"

"மதினி கையில இருக்குல்ல, அத. தெனம் காலைல கேட்டு திறந்ததும் ஒரு ஆளு அதத் தலைல தேச்சு இதுக்கிட்ட காட்டணும். கத்துனா உசுரோட இருக்குன்னு அர்த்தம். மத்தியானம் சாப்பாட்டுக்கப்பறம் இன்னொருக்கா. கத்தலைன்னா அன்னைக்கி அத நம்பப்படாது. கைல தகட்டத் தொடுறத எப்பவும் நிப்பாட்டப்படாது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப நம்ம கம்பெனில ஸ்கேலும் வேலைக்கு வருதுப்பா."

மாமா தன் தலையைத் தடவிப் பார்த்தார். அங்கே தேய்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் பல வருடம் ஆகிறது. "என் தலைல தேச்சு என்னத்துக்காகும்?"

"வாட்ச்மேனுக்கு இருக்குல்லப்பா. அம்புட்டும் சுருள் முடி."

"அவரு எண்ணெய் தேய்ப்பாரே."

"அப்ப கம்பளித் துணி. அத நான் பாத்துக்கிடுறேன்."

துறைத் தலைவர் கூட்டத்தை மறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். மாமா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மகளையும் பாராட்டவில்லை, எங்கள் பக்கத்தில் அந்தப் பழக்கம் குறைவு. என் மேசையின் மேல் கையை ஊன்றினார். மேசை ஆடியது. கையை எடுத்து மறுபடி ஊன்றினார். ஆடியது. ஆடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

குனிந்து எந்தக் கால் என்று பார்த்தார். சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். நான்காக மடித்திருந்ததை எட்டாக மடித்து, நகத்தால் ஓரத்தை அழுத்தி, மேசைக்காலின் அடியில் செருகினார். எழுந்து மறுபடி கையை ஊன்றினார்.

"இப்ப ஆடாது," என்றார்.

அவர் மகள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவை எடுத்து, பட்டியலில் வரி பதினொன்றுக்கு நேரே ஒரு டிக் போட்டேன். பிறகு கடைசி வரிக்கும்.